ராயப்பன் பாருக்குப் பொறுப்பு நின்றவருக்கு

அண்ணே, நேற்றுக் காலை உங்களை எங்கள் ஆபீஸ் தரையில் விரித்துப் போட்டிருந்தார்கள். ஃபிளெக்ஸ் கடையிலிருந்து சுருட்டிக் கொண்டுவந்த பேனர். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்க நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு விரித்திருக்கிறார்கள். புது ஃபிளெக்ஸுக்கு ஒரு நாற்றம் உண்டே, மண்ணெண்ணெயும் ரப்பரும் சேர்ந்தாற்போல, அது அறை முழுக்க நின்றது. டீ டம்ளரோடு உள்ளே வந்த நான் உங்கள் தோளை மிதித்துவிட இருந்தேன். சட்டை இல்லாத மார்பு, நெற்றிக்கு ஏற்றிவிட்ட முக்குளிப்புக் கண்ணாடி, பின்னால் கடல். தலைமாட்டில் கொட்டை எழுத்தில் 'பூர்வகுடிகளோடு கைகோத்துக் கடல் காப்போம்' என்று போட்டிருந்தது.

"நல்லா வந்திருக்குல்ல?" என்று டைரக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நல்லா வந்திருக்கு சார்" என்றேன். இந்த வாயை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

நீங்கள் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. நாளை தூத்துக்குடியில் ஒரு பெரிய ஓட்டலில் விழா வைத்திருக்கிறார்கள். எங்கள் தொண்டு நிறுவனத்துக்கு நிதி தருகிறவர்கள் வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். அந்தப் பேனருக்குக் கீழே நின்று, கடலுக்குள் கிடக்கும் ராயப்பன் பார் இனி எந்நாளும் திறக்கப்படாத பாதுகாப்புப் பகுதி என்று அறிவிக்கப் போகிறார்கள். நீங்கள் ஊர் முன்னால் எதற்குப் பொறுப்பு நின்றீர்களோ அதை, உங்கள் படத்தை மேலே மாட்டிக்கொண்டே ஒன்றுமில்லாமல் ஆக்கப் போகிறார்கள். 'போகிறார்கள்' என்று எழுதி என்னை அதில் சேர்க்காமல் நழுவப் பார்க்கிறேன் பாருங்கள். ஆக்கப் போகிறோம். நானும் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறேன்.

அந்தப் படம் எடுத்த நாள் நினைவிருக்கிறதா? சென்னையிலிருந்து போட்டோக்காரர் வருகிறார் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். நீங்கள் கோயில் திருநாளுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி வந்து நின்றீர்கள். போட்டோக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, "மேடம், கொஞ்சம் இயல்பா இருந்தா நல்லாருக்கும்" என்றார். எனக்கு அர்த்தம் புரிந்தது. புரியாத மாதிரி நின்றிருக்கலாம். உங்களிடம் வந்து, "அண்ணே, சட்டை வேண்டாமாம்" என்று மெல்லச் சொன்னேன்.

"கரையில எவன்ளா சட்டையில்லாம போட்டோ பிடிப்பான்?" என்றீர்கள். பிறகு என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, "சரி, உன் பொழப்பக் கெடுப்பானேன்" என்று கழற்றி, மடித்து, என் கையில் கொடுத்தீர்கள். "டீச்சர், கசங்காமப் பிடிச்சுக்கோ."

படம் எடுத்து முடியும்வரை அந்தச் சட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெயிலில் நின்றேன். சோப்பு வாசனை அடித்தது. அந்தப் படத்தை எங்கே பார்த்தாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தச் சட்டைதான்.

டீச்சர் என்று எனக்குப் பேர் வைத்ததும் நீங்கள்தான். முதன்முதலில் உங்கள் ஊருக்கு வந்த அன்று, சிலுவை நட்ட குருசடி முன்னால் கூடியிருந்த சங்குகுளிக்காரர்களிடம் நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். பவளப்பாறை எப்படி அழிகிறது, சங்கு எந்த மாசம் முட்டை வைக்கும், குஞ்சுச் சங்கை எடுத்தால் என்ன ஆகும் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன். நடுவில் நீங்கள் எழுந்து, "டீச்சர், பாடம் முடிஞ்சிட்டுன்னா நாங்க கேள்வி கேக்கலாமா?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது.

"நான் ஒண்ணும் டீச்சர் இல்ல."

"அப்ப எதுக்கு எங்கள உக்கார வச்சு நீங்க நின்னுக்கிட்டுப் பேசுதீங்க? நீங்களும் உக்காருங்க."

மணலில் உட்கார்ந்தேன். ஆத்தூர் வெற்றிலை வியாபாரி மகள், வீட்டில் ஒருத்தரும் என்னை அப்படிப் பேசியது கிடையாது. கோபத்தில் காது மடலெல்லாம் கொதித்தது. ஆனால் உட்கார்ந்த பிறகுதான் பேச்சே ஆரம்பமானது.

கடலுக்கடியில் கிடக்கும் பாறைத்திட்டை நீங்கள் பார் என்பீர்கள். அதில் பெரியது ராயப்பன் பார். ஒரு காலத்தில் முத்துச்சிப்பி விளைந்த இடம். முத்துக்குளிப்பு நின்று போனபிறகு உங்கள் ஊர் அதில் சங்கு எடுத்துத்தான் அடுப்பு எரித்தது. அதுவும் வரவரத் தேய்ந்து, பெருவிரல் அளவு சங்குதான் கையில் அகப்படுகிறது என்று நீங்களே சொன்னீர்கள். மூன்று வருஷம் யாரும் அதில் குளிக்காமல் மூடி வைப்போம், உடைந்த பவளத்தை மறுபடி நட்டு வளர்ப்போம் என்று நாங்கள் கேட்டோம். கூட்டம் வெகுநேரம் முணுமுணுத்தது. கடைசியில் நீங்கள்தான் கேட்டீர்கள்.

"மூடுதது சரி. தொறக்கது யாரு?"

"நீங்கதான்" என்றேன். என் பக்கத்தில் இருந்த டைரக்டரும் எல்லோர் காதிலும் விழும்படி, "மூணு வருஷம் கழிச்சு ஊர்தான் திறக்கும்" என்றார்.

அப்போது ஊர்த்தலைவர், "இந்த வார்த்தைக்கு யாரு பொறுப்பு நிக்கா?" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையெழுத்துப் போடத் தயாராகப் பேனாவைத் திறந்து வைத்திருந்தேன். உங்கள் ஊரில் அதற்கெல்லாம் மதிப்பில்லை என்று பிறகுதான் தெரிந்தது. வெளியாள் வந்து ஊருக்கு ஒரு வார்த்தை கொடுத்தால், ஊருக்குள் ஒருவர் அதற்குப் பொறுப்பு நிற்கவேண்டும். அவர் நின்றால்தான் அது வார்த்தை. யாரும் அசையவில்லை. நீங்கள் கைலியைத் தட்டிவிட்டு எழுந்து, "நான் நிக்கேன்" என்றீர்கள்.

ஏன் நின்றீர்கள் என்று ரொம்ப நாள் கழித்து வள்ளத்தில் வைத்துக் கேட்டேன். "அன்னைக்கு உனக்குக் கோவம் வந்துச்சு பாத்தியா. ஏமாத்த வந்தவ சிரிச்சுக்கிட்டுல்லா இருப்பா" என்றீர்கள். என் கோபத்தை நம்பிய ஒரே மனுஷர் நீங்கள்தான். எங்கள் வீட்டில் அதற்காகவே மாப்பிள்ளை அமையாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மூன்று வருஷமும் என் வாழ்க்கையில் நல்ல காலம் அண்ணே. சிமெண்டுப் பலகையில் பவளத் துண்டை நைலான் நரம்பு வைத்துக் கட்டி, நீங்கள் ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோய் அடுக்கினீர்கள். மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டே, "சங்கு எடுத்தவன செடி நட வச்சிட்டியே, ஏளா" என்று ஏசுவீர்கள். நான் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பேன். "ஆத்தூர் வெத்தலக் கொடிக்குக் கடல் தண்ணி சேரல" என்று உங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். ஒருநாள் உங்கள் தம்பி ஆசையை அடக்க முடியாமல் ராயப்பன் பாரில் இறங்கி நாலு நல்ல சங்கு எடுத்து வந்துவிட்டார். நீங்கள் அவரையே வள்ளத்தில் ஏற்றிப் போய், எடுத்த இடத்தில் திரும்ப வைக்கச் சொன்னீர்கள். அதற்குப் பிறகும் வெகுநாள் அவரோடு நீங்கள் பேசவில்லை. "என் பொறுப்புல கெடக்க பார்ல என் ஊட்டுக்காரனே கை வச்சா நான் எப்படி ஊர் முகத்துல முழிக்க?" என்று என்னிடம் கேட்டீர்கள்.

கெடு முடிந்து, ஆபீஸ் ஆட்களும் உங்கள் ஆட்களும் சேர்ந்து இறங்கிப் பார்த்தார்கள். நீங்கள் தண்ணீரை விட்டுத் தலையைத் தூக்கியதும் கத்தினீர்கள்: "முழிச்சிட்டாருளா ராயப்பன்!" பவளம் பிடித்திருந்தது, சங்கு முட்டைக்கூடு வைத்திருந்தது, மீன் மொய்த்தது. வள்ளத்தில் எல்லோரும் விசில் அடித்தோம். நான்கூட அன்றைக்கு வாந்தி எடுக்கவில்லை.

அவ்வளவு நன்றாக வந்ததுதான் வினையாகப் போய்விட்டது. ஆபீஸில் பேச்சு மாறியது. இவ்வளவு அழகாக வந்ததைத் திறந்துவிடுவதா, இன்னும் ஒரு வருஷம் போகட்டும், பார்ப்போம் என்றார்கள். ராயப்பன் பார் என்ற பெயர் போய் வரைபடத்தில் அது ஒரு எண்ணானது. நான் மீட்டிங்கில் ஒரு தடவை கேட்டேன். "எமோஷனலா பாக்காதீங்க" என்றார் டைரக்டர். அதோடு அடங்கிப் போனேன். உங்களிடம் வந்து, "பாத்துக்கிட்டு இருக்காங்கண்ணே" என்றேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள்.

அந்த வருஷத் திருநாள் கொடியேற்றத்துக்கு எங்களை விருந்தாளிகளாகக் கூப்பிட்டிருந்தீர்கள். மேளம் முழங்க, கொடிமரத்தின் கயிற்றில் ஊரே கை வைத்தது, ஆணும் பெண்ணுமாக. பங்குச் சாமியார் எங்களையும் கூப்பிட்டுக் கயிற்றைத் தொடச் சொன்னார். எனக்கு ஒரே பெருமை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு உங்களைத் தேடினேன். கூட்டத்துக்கு வெளியே, அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டி நின்றிருந்தீர்கள். நான் எக்கி எக்கிக் கையை ஆட்டி, "அண்ணே, வாங்க! இங்கன வாங்க!" என்று கூப்பாடு போட்டேன். ஊர் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நீங்கள் சிரித்துக்கொண்டே, "நீ இழு, தங்கச்சி" என்றீர்கள்.

திருநாளில் ஊருக்கெல்லாம் போடும் அசனச் சாப்பாட்டில் உங்கள் வீட்டு அக்கா என் இலைப் பக்கமாகக் குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்கள். "அவுக கயித்தத் தொடக் கூடாது தாயி. கெடு தாண்டிட்டுல்லா."

"எந்தக் கெடுக்கா?"

"நீங்க சொன்ன கெடுதான்."

அக்கா விவரமாகச் சொன்னார்கள். பொறுப்பு நின்ற வார்த்தை பொய்த்துவிட்டால், அது நேராகும்வரை அந்த ஆள் கொடிக்கயிற்றைத் தொடக்கூடாது. உங்கள் ஊர்ச் சட்டம் அது. யாரும் ஏசமாட்டார்கள், ஒதுக்கமாட்டார்கள். வருஷத்துக்கு ஒருநாள், ஊரே பார்க்கத் தள்ளி நிற்கவேண்டும், அவ்வளவுதான். வார்த்தையைப் பொய்யாக்கிய நாங்கள் கயிற்றை இழுத்தோம், நின்ற நீங்கள் தள்ளி நின்றீர்கள். போதாக்குறைக்கு நான் கூப்பாடு வேறு போட்டேன். கையைக்கூடக் கழுவாமல் உங்களைத் தேடி ஓடி வந்தேன்.

"அழுவாத. ஊர் பாக்கு. நான்தான் ஒன்ன அடிச்சேன்னு சொல்லப் போறாங்க" என்றீர்கள். "அடுத்த வருசம் ரெண்டு கையாலயும் இழுப்பேன், பாரு."

அடுத்த வருஷத்துக்கு முன்னால் நீங்கள் அந்தச் சட்டையோடு எங்கள் ஆபீஸுக்கு வந்தீர்கள், ஊர்த்தலைவரையும் இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு. கழுத்துப் பித்தான் வரை மாட்டியிருந்தீர்கள். சுவரில் உங்கள் படம் பெரிதாகத் தொங்கியது. நீங்கள் அதைப் பார்க்காமலே பேசினீர்கள்.

"எங்களப் பூர்வகுடின்னு போட்டிருக்கீங்க. பூர்வகுடிக்காரங்க எடத்த மூடுததும் தொறக்கதும் அவங்க கையிலதான்னு சட்டம் இருக்காமே. அதுபடி செஞ்சு குடுங்க."

சட்ட ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்லண்ணாச்சி, நீங்க பழங்குடிப் பட்டியல்ல கிடையாது. சட்டப்படி நீங்க மீனவர். அந்த உரிமை உங்களுக்கு வராது."

அப்போதுதான் சுவரைத் திரும்பிப் பார்த்தீர்கள். "அப்ப அது யாரு?"

"அது ஒரு பொதுவான அர்த்தத்துல போட்டது" என்றார் டைரக்டர். வெளிநாட்டு மேடையில் நீங்கள் பூர்வகுடி, உள்ளூர் மேசையில் பட்டியலில் இல்லாதவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்திருக்கவேண்டும். மணலில் உட்காரச் சொன்னதற்கு வந்த கோபத்தில் பாதியாவது வந்திருக்கவேண்டும். நான் தலையைக் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் உங்களை வழியனுப்ப வந்தபோது, "மத்தியானம் சாப்டியா?" என்றுதான் கேட்டீர்கள்.

பிறகு உங்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் வந்து பார்த்தேன். கை கால் எல்லாம் வீங்கி, ஆளே மாறிப் போயிருந்தீர்கள். நான் பாரைப் பற்றிப் பேச்செடுக்கப் பயந்து ஊர்க்கதை எல்லாம் பேசினேன். நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஏளா, இப்பம் ஒனக்குக் கோவமே வரமாட்டேங்கே?" என்றீர்கள். "வருதுண்ணே" என்றேன். நம்பின மாதிரி கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

அடக்கத்தன்று பெட்டியை மூடுமுன் ஊர்த்தலைவர் கேட்டார், "இவரு நின்ன பொறுப்ப யாரு எடுக்கா?" நான் ஆபீஸ் மாலையைச் சுமந்துகொண்டு நின்றேன். உங்கள் தம்பி கையைத் தூக்கினார். நாலு சங்கைத் திரும்ப வைக்கச் சொல்லி நீங்கள் கூட்டிப் போன அதே தம்பி. இப்போது கயிற்றைத் தொடக்கூடாதவர் அவர்தான்.

அடுத்த வாரம் கொடியேற்றம். பேனரைப் பார்த்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்று காலை முதல் டவுன் பஸ்ஸில் ஏறி, பூசை முடிந்து ஊர் வெளியே வருகிற நேரத்துக்கு உங்கள் கோயில் முன்னால் போய் நின்றேன். கொடிமரத்துக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் நின்றார்கள். நாளை என்ன அறிவிக்கப் போகிறோம் என்பதைச் சொன்னேன். "வார்த்தை குடுத்தது நாங்க. அண்ணனும் போயிட்டாங்க. தம்பிய விட்டுருங்க. அந்தப் பொறுப்ப நான் எடுத்துக்கிடுதேன்" என்றேன்.

உங்கள் தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊர்த்தலைவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"தாயி, பொறுப்பு நிக்கவங்களுக்கு இழக்கதுக்கு இங்கன ஏதாச்சும் இருக்கணும்லா" என்றார். "ஒங்களுக்கு இங்கன என்ன இருக்கு? நீங்க கயித்தத் தொட்டாலும் ஒண்ணுதான், தொடாட்டாலும் ஒண்ணுதான்."

உங்கள் தம்பி, "விடுங்க மாமா. நானே நிக்கேன்" என்றார். பாரைப் பற்றி ஒருவரும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் திறந்து கொடுப்போம் என்று அவர்கள் எப்போதோ நம்புவதை விட்டிருக்கிறார்கள், நான்தான் அதை ஏதோ புதுச் செய்தி மாதிரி சுமந்துகொண்டு போயிருக்கிறேன். அக்கா என் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போய், சாளைக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டார்கள். விருந்தாளிக்குப் போடுகிற தட்டில் போட்டார்கள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சாப்பிட்டேன் அண்ணே. இரண்டாம் தடவை கேட்டபோது அதற்கும் தட்டை நீட்டினேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில், உப்பளங்களைத் தாண்டும்போது, ஊர்த்தலைவர் கேட்டது மறுபடி மறுபடி காதில் விழுந்தது. உங்கள் ஊரில் எனக்கு இழக்க ஒன்றுமில்லை, வாஸ்தவம். இழக்க இருப்பதெல்லாம் நாளைக்கு அந்த ஓட்டலில் இருக்கிறது. மேடையில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். மாசச் சம்பளம், வீட்டுக் கடன், மேடம் என்கிற மரியாதை எல்லாம் அந்த நாற்காலியோடுதான் இருக்கிறது. மைக்கைப் பிடித்து, 'இது ராயப்பன் பார், இதைத் திறப்பது ஊர்தான் என்று வார்த்தை கொடுத்தோம், இந்தப் படத்தில் இருக்கிறவர் அதற்குப் பொறுப்பு நின்றார்' என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். பொறுப்பு நிற்கவேண்டும் என்றால் நான் நிற்கவேண்டிய இடம் அதுதான். இது எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது போல எழுதுகிறேன். அந்த அசனத்தன்றே தெரியும்.

நாளைக்குச் சொல்லிவிடுவேன் என்று எழுதத்தான் இந்த மடலையே எடுத்தேன். எழுத வரமாட்டேன் என்கிறது. உங்களிடம் ஆஸ்பத்திரியில் ஒரு தடவை பொய் சொன்னது போதும். சொல்வேனா மாட்டேனா என்று எனக்கே தெரியவில்லை அண்ணே. நாளைக்குக் கட்டிக்கொள்ளப் பட்டுச்சேலையை எடுத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.